வெளிக்காற்று நானூற்றுப் பத்து

டுலூத்
நவம்பர் 30, 2020

அன்னிகா,

பெட்டி வந்து சேர்ந்தது. போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நான் கூப்பிடும்போதெல்லாம் அப்பா அதே லைனில் இருக்கும் சமையலறை போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. முப்பத்தொரு வருடம் இரும்புச் சுரங்கத்தில் தூசி தின்ற நுரையீரல் விசிலடிப்பதைக் கேட்டுக்கொண்டே உன்னோடு சண்டை போட என்னால் முடியாது. அதனால்தான் கடிதம்.

பெட்டியில் இருந்தவை: சிவப்புத் தொப்பி போட்ட மூஸ் மான் அச்சடித்த பைஜாமா. பனியில் நிற்கும் களஞ்சியத்தை ஆயிரம் துண்டாக வெட்டிய படப்புதிர். (என் ஜன்னலுக்கு வெளியே பனி இலவசமாகவே கிடைக்கிறது.) இலவங்கப்பட்டை மெழுகுவத்தி. அதைப் பெட்டியிலிருந்து எடுக்கும் முன்பே அறை முழுக்க நாறியது. கடைசியாக, உன் கையெழுத்தில் ஒரு ‘மகிழ்ச்சி அட்டவணை’. திங்கள் காகிதப் பூ, செவ்வாய் அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் ஒரே படம், புதன் நன்றி சொல்லும் நாள். எனக்குக் குமட்டியது. மிகையாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் மூன்றாம் மாடியில் பதினாறு அறைகளுக்கு உறிஞ்சு விசிறி பொருத்தியிருக்கிறோம். நோயாளி விடும் மூச்சு வராந்தாவுக்கு வராமல் நேரே கூரைக்கு மேலே போக வேண்டும். நேற்று ஓர் அறையில் காற்று போகும் ஜாலியை மறைத்து யாரோ சரிகைத் தோரணம் கட்டியிருந்தார்கள். பிடுங்கிக் குப்பையில் போட்டேன். நர்ஸ் கேட்டாள்: “உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?” “இந்த ஜாலிக்கு இல்ல,” என்றேன்.

போன வியாழன் நன்றி நாள் விருந்தில் நான் மேசையில் மீட்டர் வைத்ததும் தப்பில்லை. ஒரு அறைக்குள் எவ்வளவு எச்சில் மூச்சு சேர்ந்திருக்கிறது என்று அந்தக் கரியமில வாயு மீட்டர் எண்ணிக்கையில் சொல்லும். வெளிக்காற்று நானூற்றுப் பத்து. எண்ணூறைத் தாண்டினால் ஜன்னலைத் திற. உங்கள் சாப்பாட்டு மேசை இரண்டாயிரத்து முந்நூறு. ஒன்பது பேரும் ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்கி, அதன்மேல் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

இரண்டு விஷயம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சௌனா வேண்டாம். பக்கத்து மாட்டிலா வீட்டாரும் நம் வீட்டாரும் ஒரு மர அறைக்குள் அம்மணமாக உட்கார்ந்து, கொதிக்கும் கல்லில் தண்ணீர் ஊற்றி ஆவியோடு ஆவியாக மூச்சுவிடுவதை நினைத்தாலே உடம்பு கூசுகிறது. இரண்டாவது, அப்பா பனிக்குவியலில் வீசியெறிந்த என் மீட்டரைத் தேடி அனுப்பு.

டெரிக்

*

ஹெரிங் ஏரிக்கரை
டிசம்பர் 5

டெரிக்,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் போடப் போனேன். அப்பா வந்துவிட்டார். “யாரு லெட்டர்?” “கரண்ட் கம்பெனி.” “கரண்ட் கம்பெனிக்காரன் கையெழுத்து இவ்வளவு கேவலமா இருக்காதே,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. உன் பேரை அவர் சொல்லிப் பத்து நாளாகிறது. சொல்லியே ஆக வேண்டுமென்றால் ‘இஞ்சினியர்’ என்கிறார்.

நீ செய்தது தப்பில்லையா? நான் பார்த்ததைச் சொல்கிறேன். வான்கோழிக்கும் பூசணிப் பைக்கும் நடுவில் அந்த வெள்ளைப் பெட்டியை வைத்தாய். அம்மாவின் காலி நாற்காலிக்கு நேர் முன்னால். இரண்டு நிமிடத்துக்கு ஒருதரம் மாட்டுச் சந்தையில் ஏலம் விடுகிறவன் மாதிரி எண்ணைக் கூவினாய். கரோல் மாட்டிலா நம் அம்மாவை நினைத்து ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் ஆமென் சொன்னாள், நீ “ரெண்டாயிரத்து முந்நூறு” என்றாய். பெட்டி கத்த ஆரம்பித்தது. அப்பா கதவைத் திறந்து வீசினார். வீசினது அவர் என்றாலும் கை எல்லாருடையதும்.

சௌனா இல்லை. நீ ஜெயித்துவிட்டாய், போ. ஐம்பது வருடத்தில் முதல் தடவையாக இந்த வீட்டில் கிறிஸ்துமஸ் சௌனா கிடையாது.

அதற்குப் பதில் அப்பாவே ஒரு யோசனை கண்டுபிடித்திருக்கிறார். ஏரி உறைந்துவிட்டது. மீன் பிடிக்கும் குடிசையை வண்டியில் இழுத்துப் போய் பனிக்கட்டி மேல் நிறுத்திவிட்டார். ஓரம் முழுக்க விளக்குச் சரம், உள்ளே பெஞ்ச், கேஸ் அடுப்பு. இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் அங்கேதான் விருந்து. நான், அப்பா, மாட்டிலா வீட்டு ரோஜர், கரோல். அப்பா லுட்டஃபிஸ்க் மீன் சமைக்கிறார். “இஞ்சினியர் வெளியிலதானே இருக்கச் சொன்னாரு? ஏரியைவிட வெளி எங்க இருக்கு?” என்கிறார்.

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. மண்வெட்டி வைத்துத் தோண்டிப் பார்த்தேன், உன் மீட்டர் கிடைக்கவில்லை. வசந்தத்தில் புல்லோடு முளைக்கும்.

அன்னிகா

*

டுலூத்
டிசம்பர் 10

அன்னிகா,

ஏரி வெளியேதான் இருக்கிறது. குடிசை வெளியே இல்லை. இதைக்கூட எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த மாநிலத்தில் மட்டும்தான் மனிதர்கள் எட்டடிக்குப் பன்னிரண்டடி மரப்பெட்டியைச் செய்து, பஞ்சடைத்து, கதவைச் சாத்தி, உள்ளே உட்கார்ந்துகொண்டு, தரையில் துளை வழியே தண்ணீர் தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காகத் தாங்கள் வெளியில் இருப்பதாக நம்புவார்கள். அந்தக் குடிசைக்குச் சுவரில் இரண்டு காற்றுத் துளை உண்டு. இரண்டிலும் அப்பா துணி திணித்திருப்பார். எனக்கு ஏழு வயதிலிருந்து தெரியும்: “குளிரு உள்ள வருதுடா.” வரத்தான் வேண்டும், அதற்குத்தான் துளை. நான்கு பேர் மூச்சு, அதோடு கேஸ் அடுப்பு எரிந்து கக்கும் மணமில்லாத விஷம். அவர் நுரையீரலில் பாதிதான் மிச்சம். கிருமி கொல்லாவிட்டால் அடுப்பு கொல்லும்.

இதற்கு மேல் லுட்டஃபிஸ்க் வேறு. சலவைச் சோடா மாதிரிக் காரத்தில் வாரக்கணக்கில் ஊறி, வழவழவென்று மூக்குச்சளி மாதிரி தட்டில் நடுங்கும் மீன். ஐந்து வயதிலிருந்து அந்தச் சட்டியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடியவன் நான். அந்த நாற்றத்தை மூடின பெட்டிக்குள் வைத்து விளக்குச் சரம் போட்டுக் கொண்டாடப் போகிறீர்கள்.

உன்மேல்தான் எனக்கு அதிக அருவருப்பு. அப்பாவுக்குத் தெரியாது, அவர் பழைய ஆள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற உனக்கு ஒரு வண்டிக்குள் ஜலதோஷம் எப்படிப் பரவும் என்று தெரியும். தெரிந்தும் சிரித்த முகமாக இருப்பதற்காக அவரைப் பலி கொடுக்கிறாய். உன் சிரிப்புக்கு அவ்வளவு விலையா?

டெரிக்

*

ஹெரிங் ஏரிக்கரை
டிசம்பர் 14

டெரிக்,

என் சிரிப்பு. சரி, சொல்கிறேன்.

பள்ளிக்கூடம் மூடிக்கிடக்கிறது. காலையில் காலிப் பேருந்தில் எண்பது சாப்பாட்டுப் பொட்டலம் ஏற்றிக்கொண்டு போய் ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு ஹாரன் அடிக்கிறேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கை காட்டுகிறார்கள். பதினோரு மணிக்கு வீட்டுக்கு வருவேன். நவம்பர் முழுக்க, நான் திரும்பி வரும்போது அப்பா படுக்கையில்தான் இருப்பார். சவரம் இல்லை. வைத்துவிட்டுப் போன காப்பி ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். ஏப்ரலில் அம்மாவைப் புதைத்தபோது எட்டுப் பேருக்குத்தான் அனுமதி, ஆளுக்கு ஆறடி தள்ளி. அவர் தோளில் யாரும் கை வைக்கவில்லை. நீயும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. நீதான் அளந்து நிற்கச் சொன்னாய்.

ஒரு நாள் நான் பைஜாமாவைக் காட்டி, “அப்பா, மானைப் பாருங்க, உங்க மூஞ்சி மாதிரியே இருக்கு,” என்றேன். “இந்த வருஷம் அதெல்லாம் வேணாம்மா,” என்றார். “அடுத்த வருஷமும் வேணாம்.” அந்தக் குரல் உனக்குப் போனில் கேட்காது.

அதற்குப் பிறகுதான் அட்டவணை. எனக்குப் படப்புதிர் பிடிக்கும் என்றா நினைத்தாய்? அந்தக் களஞ்சியத்தைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வருகிறது. காகிதப் பூ வெட்டி வெட்டி விரலில் காய்ப்பு. இலவங்கப்பட்டை எனக்கும் ஆகாது, தலைவலி. எல்லாம் அருவருப்பாகத்தான் இருக்கிறது, டெரிக். நான் அதைப் பல்லைக் காட்டிக்கொண்டு செய்கிறேன், நீ திட்டிக்கொண்டு செய்யாமல் இருக்கிறாய். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தக் குடிசைக்காக அவர் எழுந்தார். சவரம் செய்தார். கூரையை ஒழுங்குபண்ணினார். விளக்குச் சரம் பாதி எரியவில்லை என்று மூன்று மணி நேரம் ஒவ்வொரு பல்பாகத் திருகிப் பார்த்தார். இப்போது நீ சொல், நான் போய் அவரிடம் என்ன சொல்லட்டும்?

துளையில் துணி இருக்கிறது. அம்மாவின் கட்டம் போட்ட சமையல் துணி. நீ சொன்னது சரி. சந்தோஷமா?

அன்னிகா

*

டுலூத்
டிசம்பர் 18

அன்னிகா,

சந்தோஷம் இல்லை.

குடிசை நிற்கட்டும். அப்பா மட்டும் உள்ளே இருந்து சமைக்கலாம், துணியை எடுத்துவிட்டு, கதவை ஒரு சாண் திறந்து வைத்து. மற்ற எல்லாரும் வெளியே, பனிக்கட்டி மேல், நெருப்பு மூட்டி. ஆளுக்குப் பத்தடி. வாளியில் தண்ணீர் ஊற்றி இரவு வெளியே வைத்தால் ஓரம் உறைந்து நடு உறையாமல் இருக்கும். கவிழ்த்தால் பனிக்கட்டி விளக்குக் கூண்டு. உள்ளே மெழுகுவத்தி வை. இருபது செய்தால் எது யார் இடம் என்று தெரியும், அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

படித்துப் பார்த்தால் இதுவும் ஒரு மகிழ்ச்சி அட்டவணைதான். எழுதுகிற கை எனக்கே பிடிக்கவில்லை.

நானும் வருகிறேன். நெருப்புக்கு அந்தப் பக்கம் நிற்பேன், ஒரு மணி நேரம், முகக்கவசத்தோடு. அப்பாவிடம் சொல்லாதே. சொன்னால் துணியை இன்னும் இறுக்கித் திணிப்பார்.

டெரிக்

*

டுலூத்
டிசம்பர் 27

அன்னிகா,

காலையில் போனில் சொன்னதுதான். கேட்டதும் நீ போனை வைத்துவிட்டாய். அதற்கு முன் சமையலறை போன் எடுக்கப்பட்ட சத்தம் கேட்டது. அப்பா முழுவதையும் கேட்டார். மெதுவாக வைத்தார்.

எனக்குத்தான் தொற்று. உங்கள் யாருக்கும் இல்லை, எனக்கு. மீட்டர் வைத்து எண்ணிக்கை கூவியவனுக்கு.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், ஏனென்றால் எனக்குத் தெரிந்த ஒரே ஒழுங்கு அதுதான். இருபத்துநாலாம் தேதி ஏரியில் நீங்கள் மூவரும் நெருப்புப் பக்கம் இருந்தீர்கள். குடிசைச் சுவரில் துளை இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் போட்ட துணி துருத்திக்கொண்டு தெரிந்தது. கதவும் சாத்தியிருந்தது. ஆத்திரத்தில் உள்ளே போனேன். அப்பா சட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “வாடா இஞ்சினியர். குளிர உள்ள விட்டுட்டியே,” என்றார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு அவரைத் திட்டினேன். அதை மாட்டிக்கொண்டு திட்டினால் காதில் விழவில்லை என்கிறார். இரண்டு துணியையும் பிடுங்கினேன், கதவை அகலத் திறந்து போட்டேன். கிளம்பியிருக்க வேண்டும். அவர் சொன்னார்: “அது உங்கம்மா துணி. கீழ போடாத, மடிச்சு வை.”

மடித்தேன். அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து மடித்தேன். அவர் தட்டில் மீன் போட்டுக் கொடுத்தார். ஒரு வாய் தின்றேன். இருபத்தெட்டு வயதில் முதல் தடவை. “மூக்கைப் பொத்தாம உக்காந்திருக்கியே, உலகம் அழியப் போகுதா?” என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன். உள்ளே போய் வெளியே வர மொத்தம் பதினோரு நிமிடம்.

கார் ஓட்டித் திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன்: அந்த மீன்மேல் எனக்கு அருவருப்பே வரவில்லை. அம்மா போனபின் முதல் தடவையாக எனக்குள் ஏதோ இளகிவிட்டது என்று நினைத்தேன். முட்டாள், அப்படித்தான் நினைத்தேன். கண் கலங்கியதுகூட.

நேற்று உன் மெழுகுவத்தியை ஏற்றினேன். நாறவில்லை. திரிக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோனேன், புருவம் கருகியது. ஒன்றுமில்லை. அப்போதுதான் புரிந்தது. மனம் இளகவில்லை, அன்னிகா. மூக்கு செத்துப்போயிருந்தது. அந்தச் சட்டி கொதிக்கும் பெட்டிக்குள் எனக்கு நாற்றம் தெரியவில்லை என்றால் அந்த நொடியே ஓடியிருக்க வேண்டும். தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய சோதனைக் கருவி இந்தப் பூமியில் கிடையாது.

அவரைத் தனி அறையில் வை. ஜன்னலைத் திற. பரிசோதனைக்குக் கூட்டிப் போ. என் மூஞ்சியை நானே பார்க்கச் சகிக்கவில்லை.

டெரிக்

*

ஹெரிங் ஏரிக்கரை
ஜனவரி 1, 2021

டெரிக்,

கோபமாகத்தான் இருக்கிறேன். நன்றி நாளுக்குப் பிறகு நீ எனக்கு எழுதின வார்த்தைகளை எல்லாம் எடுத்து உனக்கே திருப்பி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ‘பலி’ என்று எழுதினாய். அதை எழுத என் கை வரவில்லை. நீயே சொல்லிக்கொண்டிருப்பாய் என்று தெரியும்.

அப்பா அம்மாவின் தையல் அறையில் இருக்கிறார். தட்டை வாசலில் வைத்துவிட்டு ஹாரன் மாதிரி வாயால் சத்தம் போடுகிறேன். இருமல் இருக்கிறது. அது எப்போதும் உள்ளதா, புதிதா என்று எனக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். புதன்கிழமை ஊர்ப் பரிசோதனைக்குப் போனோம், காரில் உட்கார்ந்தபடியே மூக்கில் குச்சி விட்டார்கள். நர்ஸிடம், “உள்ள போனது போதும்மா, மூளையெல்லாம் என் பையன்கிட்ட குடுத்துட்டேன்,” என்றார். உன்னைப் ‘பையன்’ என்றார். இஞ்சினியர் என்று சொல்லவில்லை.

இன்னும் முடிவு வரவில்லை. செவ்வாய் மறுபடி ஒரு சோதனை.

உனக்கு மூச்சு எப்படி இருக்கிறது என்று எழுது. பொய் எழுதாதே.

அன்னிகா

*

டுலூத்
ஜனவரி 4

அன்னிகா,

காய்ச்சல் மூன்று நாளோடு சரி. படியேறினால் நின்று நின்று ஏறுகிறேன். சாப்பாடு அட்டை மாதிரி இருக்கிறது. காப்பியும் வெந்நீரும் ஒன்றுதான். எதுவுமே அருவருப்பாக இல்லை. இப்படி வாழ முடியாது.

படப்புதிரை எடுத்து வைத்திருக்கிறேன். நானூறு துண்டு ஆகிவிட்டது. வானம் முழுக்க ஒரே வெள்ளை. இதைச் செய்தவனை உதைக்க வேண்டும்.

முடிவு வந்ததும் போன் செய். எந்த நேரமானாலும்.

டெரிக்

*

ஹெரிங் ஏரிக்கரை
ஜனவரி 9

டெரிக்,

போனில் சொன்னேன், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்: இரண்டு சோதனையிலும் இல்லை. அப்பாவுக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஊர் டாக்டரிடம் குடிசைக் கதையைச் சொன்னேன். கதவு திறந்திருந்ததால் தப்பித்திருக்கலாம், வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம், தன்னால் சொல்ல முடியாது என்றார். நீ எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்.

தையல் அறையைச் சுத்தம் செய்யப் போனேன். ஜன்னல் விளிம்பில் உன் மீட்டர் இருந்தது, எண் ஓடிக்கொண்டிருந்தது. “இது எப்ப கிடைச்சது?” என்றேன். “அன்னிக்கு ராத்திரியே,” என்றார். “டார்ச் எடுத்துப் போய்த் தேடினேன். ரெண்டு நாள் அரிசி டப்பாவுல போட்டுக் காய வச்சேன். நீ ஏன் மண்வெட்டி எடுத்துட்டு அலைஞ்சேன்னு எனக்கென்ன தெரியும், நீ சொல்லலையே.”

வீட்டுக்குள் குளிர் நடுங்குகிறது. எல்லா ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறார். பைஜாமாவுக்கு மேல் கோட்டு போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவர் அதே மான் பைஜாமாவில் மீட்டரைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடக்கிறார். உனக்கு ஒரு தாள் கொடுத்தார், இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பைப் பிரிக்கவில்லை.

அன்னிகா

*(பழைய காலண்டர் தாளின் பின்பக்கம், பென்சிலில்)*

டிச. 28. தையல் அறை, ஜன்னல் மூடி: 1150
டிச. 28. ஜன்னல் திறந்து: 540
டிச. 31. சமையலறை, அன்னிகா காப்பி போட்டுவிட்டு வெளியே போனதும்: 790
ஜன. 3. மீன் குடிசை, நான் மட்டும், துணி இல்லாமல்: 620
ஜன. 6. ஏரி நடுவில்: 412. நீ சொன்னது 410
ஜன. 8. சாப்பாட்டு மேசை, இரண்டு பேர், இரண்டு ஜன்னல்: 560

மூணாவது ஆள் உக்காந்தாலும் எண்ணூறு தாண்டாது. கணக்கு போட்டுப் பாத்துட்டேன். அம்மா நாற்காலி காலியாத்தான் இருக்கு.

*

டுலூத்
ஜனவரி 13

அன்னிகா,

இதை அப்பாவிடம் கொடு, அல்லது நீ படிக்கும்போது அவர் தோளுக்குப் பின்னால் நின்று படிக்கட்டும், எப்படியும் அதைத்தான் செய்வார்.

மீட்டரைச் சமையலறையில் வைத்து அளக்கும்போது அடுப்பிலிருந்து ஆறடி தள்ளி வைக்க வேண்டும். 790 தப்பு. ஏரி நடுவில் 412 சரி. பனியில் கிடந்தும் இரண்டு எண்தான் வித்தியாசம், நல்ல கருவி. மேசைக் கணக்கையும் நான் போட்டுப் பார்த்தேன். மூன்று பேருக்கு அறுநூற்று முப்பத்தைந்து வரும்.

ஆஸ்பத்திரியில் வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். ஆனாலும் இன்னொரு சோதனை செய்துகொண்டு சனிக்கிழமை மதியம் வருகிறேன். அந்த நாற்காலியில் உட்காருகிறேன். லுட்டஃபிஸ்க் வேண்டாம் என்று சொல். சமைத்தால் நான் தோட்டத்துக்குப் போய்விடுவேன், இந்தத் தடவை நிச்சயம்.

பைஜாமா கால் இரண்டு அங்குலம் குட்டை.

நேற்று சாயங்காலம் உன் மெழுகுவத்தியை மறுபடி ஏற்றினேன். இலவங்கப்பட்டை. தொண்டை வரை ஏறுகிறது, சகிக்க முடியாத நாற்றம். அடிவரை எரிய விட்டேன்.

டெரிக்